பிளாரன்ஸுக்குச் சம்பளம்

"இதுவும் திரும்பி வந்திருச்சு, அண்ணாச்சி" என்று சொல்லி, பேங்கு அதிகாரி சுந்தர்சிங் அந்த விண்ணப்பத்தை மேஜையின் மேல் மெதுவாகத் தள்ளினார்.

கிளாட்வினுக்கு அதைப் புரட்டிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மசியில் ஏதாவது ஒரு குறை எழுதியிருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

"இந்தத் தடவை என்ன குறை சொல்லுதாங்க?"

"குறையே சொல்லல. அதான் பயமா இருக்கு. 'பரிசீலிக்க இயலாது'ன்னு ஒரே வரி."

"மூணு பிரதி வச்சிருந்தேனே!"

"நீங்க முப்பது பிரதி வச்சாலும், வெளிநாட்டுல இருக்கவங்களுக்குச் சம்பளம் அனுப்பணும்னா மேலிடம் மனசு வைக்கணும், அண்ணாச்சி. சட்டம் புதுசு. புதுச் செருப்பு மாதிரி. கொஞ்ச நாளைக்குக் கடிக்கத்தான் செய்யும்."

கிளாட்வின் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

அவர் சிலுவை முதலாளியின் தோணிக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. கம்பெனியின் தோணிகள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போய் வந்தன. கொழும்பில் கம்பெனிக்கு ஓர் ஆபீஸ் உண்டு. ஆபீஸ் என்றால் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், பிளாரன்ஸ். தோணி போய்ச் சேர்ந்ததும் சரக்கை இறக்கிச் சேர்ப்பித்து, திரும்பி வரச் சரக்குப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் அந்த ஒரே பெண்தான். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கத்துத் தருவைகுளம் என்றாலும் பிறந்தது, வளர்ந்தது, குடியுரிமை எல்லாம் அந்த நாட்டில்தான். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்தபின் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு மாடியில் தனியாக இருந்தாள்.

முன்பெல்லாம் அவளுடைய சம்பளம் மூஸா தண்டலின் இடுப்பு வாரில் கடல் கடந்தது. பழைய குமாஸ்தா எண்ணிக் கொடுப்பார், தோணியை நடத்திப் போகும் மூஸா முடிந்துகொண்டு போவார், அவள் வாங்கிக்கொள்வாள். யாருக்கும் இதில் ஒரு தப்பும் தெரிந்ததில்லை. பழைய குமாஸ்தா ஓய்வு பெற்று, அந்த நாற்காலியில் கிளாட்வின் வந்து உட்கார்ந்தார். அந்நியச் செலாவணிச் சட்டமும் ஏறக்குறைய அதே நேரத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த ஆள் பீச் ரோட்டிலேயே அவர் ஒருவர்தான். வாசித்ததோடு நிற்காமல் நம்பவும் செய்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"இனிமே இடுப்பு வார் கிடையாது, காக்கா. எல்லாம் முறைப்படி" என்று, அண்ணன் முறை வைத்தே மூஸாவிடம் சொல்லிவிட்டார்.

முறைப்படி ஒரு பைசாகூடப் போய்ச் சேரவில்லை. போன ஈஸ்டருக்குச் சற்று முன்னால் நின்ற சம்பளம், அடுத்த ஈஸ்டருக்கு முந்திய தவசுக்காலம் வந்தும் நின்றபடியே நின்றது.

சம்பளத்தை அனுப்பினால் இங்கே குற்றம். அனுப்பாவிட்டால் அங்கே குற்றம். இரண்டு அரசாங்கங்களுக்கும் நல்ல பிள்ளையாக இருக்க நினைத்த ஒரே மனிதர், தினமும் பேங்குக்கும் ஆபீஸுக்குமாக நடந்து கருத்துப் போனார்.

"ஏலே, கொழும்புல நமக்குச் சரக்கு வாடகை வசூல் ஆவுதுல்லா? அதுல இருந்து எடுத்துக்கச் சொல்லேன் அந்தப் பிள்ளைய" என்றார் சிலுவை முதலாளி.

"அது இந்தியாவுக்கு வந்து சேர வேண்டிய பணம், முதலாளி. அங்கன கை வச்சா அதுக்கும் அனுமதி வாங்கணும்."

"அனுமதி வாங்குறதுக்கு அனுமதி வேண்டாமா?"

முதலாளி கிண்டலாகத்தான் கேட்டார். கிளாட்வின் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

அவருக்கு இதில் இவ்வளவு தவிப்பு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ஊழியர் நலன்" என்று சொல்லியிருப்பார். அவர் பிளாரன்ஸை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். கொழும்பு ஆபீஸ் கணக்கைச் சரிபார்க்க ராமேஸ்வரம் வழியாகக் கப்பலேறிப் போயிருந்தார். வேலை முடிந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அவள் தன் குடையை எடுத்து நீட்டினாள். பெண்பிள்ளையின் குடையைச் சும்மா வாங்கிப் போவது முறையில்லை என்று பட்டு, 'கறுப்புக் குடை ஒன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை வாசித்தாள். பிறகு சிரித்தாள். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். தன்னைப் பார்த்து ஒருத்தி சிரித்ததில் கோபமே வராதது கிளாட்வினுக்கு அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது. தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் நாற்பதைத் தொட்டுவிட்ட மனிதருக்கு, அந்த மாதிரி ஆச்சரியங்கள் அதிகம் வாய்த்ததில்லை.

"பணமா அனுப்பத்தானே கூடாது? பண்டமா அனுப்பு" என்று முதலாளி ஒருநாள் வழி சொன்னார். "நம்ம ஊரு மக்ரூன் ஒரு டின்னு, ஒரு சேலை. மூஸா கொண்டு போய்க் குடுக்கட்டும். அன்பளிப்புன்னா ஆரும் கேக்க மாட்டாவ."

இது கிளாட்வினுக்குப் பிடித்தது. பேக்கரிக்கு அவரே போய், உடையாத மக்ரூனாகப் பார்த்துப் பொறுக்கி டின்னில் அடுக்கினார். சேலை எடுக்கப் போய், கடைக்காரர் "வீட்டுக்கா?" என்று கேட்டதும் காது சிவந்து, "ஆபீஸுக்கு" என்றார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டின்னின் மேல் 'அன்பளிப்பு' என்று எழுத வேண்டிய இடத்தில்தான் அவர் பேனா நின்றது. அன்பளிப்பு இல்லாததை அன்பளிப்பு என்று எழுதுவது பொய் அல்லவா? ஆகவே, 'செல்வி பிளாரன்ஸ் அவர்களுக்கு, சம்பளத்தில் ஒரு பகுதியாக' என்று தெளிவான கையெழுத்தில் எழுதி ஒட்டினார்.

மூஸா திரும்பி வந்தபோது முகமே சரியில்லை.

"ஏன் தம்பி, உங்க வாய்தான் சும்மா இருக்காதுன்னா, கையுமா சும்மா இருக்காது?"

"என்ன ஆச்சு, காக்கா?"

"கஸ்டம்ஸ்காரன் சீட்டைப் படிச்சான். சம்பளமான்னு கேட்டான். லேபர் ஆபீஸுக்கு ஆள விட்டான். அங்க இருந்து ஒரு பெரிய மனுசன் வந்து, 'அம்மா, உங்க முதலாளி பலகாரமாவா சம்பளம் தாராரு?'ன்னு பிளாரன்ஸ் கிட்ட விசாரணை."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்கன்னா. அந்த மனுசன் நாலு சாப்பிட்டான். நல்லா இருக்குன்னான். அப்புறம் நோட்டீஸ் எழுதிட்டான்."

சம்பளத்தைத் தின்பண்டமாகக் கொடுப்பது குற்றம் என்றது நோட்டீஸ். கிளாட்வின் ஓர் இரவு தூங்காமல், இது சம்பளம்தான் ஆனால் முழுச் சம்பளம் அல்ல, நல்லெண்ணத்தில் கொடுக்கப்பட்டது என்று மிக விரிவாகப் பதில் எழுதினார். அந்தப் பதிலுக்கு வந்த பதில்தான் முதலாளியை நாற்காலியிலிருந்து எழுப்பியது. நல்லெண்ணத்தில் ஒருமுறை கொடுத்த சலுகையைக் கம்பெனி இனித் தன் விருப்பப்படி நிறுத்தக் கூடாது, ஆகவே வருஷந்தோறும் ஒரு டின் மக்ரூன் கொடுத்தே ஆக வேண்டும், சம்பளம் தனி.

"லே, சம்பளத்துக்கே வழியில்ல. இப்ப வருசா வருசம் மக்ரூனுமா?"

"அத அனுப்புறதுக்கு ஏற்றுமதி அனுமதி வேணும், முதலாளி" என்றார் கிளாட்வின் தாழ்ந்த குரலில்.

அடுத்ததாக அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. கொழும்பில் இருக்கும் வேறு ஏதாவது கம்பெனி பிளாரன்ஸைத் தன் ஊழியராகக் காட்டி, அங்கேயே சம்பளம் கொடுக்கட்டும். அந்தத் தொகையை அந்தக் கம்பெனிக்காரரின் சொந்தக்காரருக்கு இங்கே நாம் கொடுத்துவிடலாம். கடலைத் தாண்டி ஒரு பைசாவும் போகாது. சட்டத்துக்கு ஏன் வலிக்க வேண்டும்? இந்தச் சந்தோஷத்தோடு பேங்குக்குப் போய் உரக்கச் சொன்னார்.

சுந்தர்சிங் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, இதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"மாற்று ஏற்பாடு."

"ஜெயிலு. இங்க வாங்கி அங்க குடுக்கிறதும், அங்க வாங்கி இங்க குடுக்கிறதும்தான் இந்தச் சட்டத்துக்கு ஆகவே ஆகாது. நீங்க சொன்னத நான் கேக்கல. நீங்களும் சொல்லல. ஒரு சோடா குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

இத்தனைக்கும் நடுவில் கொழும்பு ஆபீஸ் வேலை கொஞ்சமும் தடைபடவில்லை. தோணி போனால் சரக்கு ஒழுங்காக இறங்கியது, திரும்பு சரக்கு தயாராக இருந்தது. சம்பளம் இல்லாமல் ஒருத்தி இப்படி உழைக்கிறாளே என்று நினைக்க நினைக்க கிளாட்வினுக்குச் சோறு இறங்கவில்லை. தோணி கரை சேரும் ஒவ்வொரு நாளும் சரக்கு இறக்கும் தோணிப் பாலத்தில் போய் நிற்பார்.

"சம்பளத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா, காக்கா?"

"பேங்குல என்ன சொன்னாங்கன்னு கேட்டா. நீங்க நடந்தா போறீக, சைக்கிள்லயான்னு கேட்டா. நடந்துதான்னேன். உச்சி வெயில்ல போக வேண்டாம்னு சொல்லச் சொன்னா."

"பாவம், வாய்விட்டுக் கேக்க மாட்டேங்காங்க" என்று கிளாட்வின் கண் கலங்குவார். மறுநாள் உச்சி வெயிலில் பேங்குக்குப் போவார்.

கடைசியில் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"போதும்லே. ஈஸ்டருக்குள்ள கொழும்பு ஆபீஸப் பூட்டிரு. அந்தப் பிள்ளைக்கும் வேலை இல்லன்னு எழுதிப் போடு. வேற எங்கயாவது பொழச்சுக்கட்டும்."

கிளாட்வின் கணக்குப் போட்டுப் பார்த்தார். பூட்டிவிட்டால் பேங்குக்குப் போக வேண்டியதில்லை. பாலத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. வெயிலில் போக வேண்டாம் என்று கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்லி அனுப்ப ஆளும் இருக்காது.

"நிறுத்துறதுனாலும் பழைய பாக்கியும் நஷ்ட ஈடும் குடுத்துத்தான் நிறுத்தணும், முதலாளி. அங்க சட்டம் அப்படி. அந்தப் பணத்த அனுப்பவும்..."

"அனுமதி வேணும்! தெரியும்லே!" முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "வச்சுக்கவும் முடியாது, விட்டுரவும் முடியாது. இது உத்தியோகமா, கலியாணமா?"

அந்தச் சொல் கிளாட்வினைப் பேங்கு வரை துரத்திக்கொண்டே வந்தது. சுந்தர்சிங்கிடம் நடந்ததைச் சொன்னார். சுந்தர்சிங் சிரித்துவிட்டார்.

"உங்க முதலாளி வேடிக்கையாச் சொன்னாலும், அதுல விஷயம் இருக்கு. சம்பளம்னு கேட்டாத்தான் மேலிடம் முறைக்குது. சம்சாரம் அங்க இருக்கா, குடும்பச் செலவுக்கு அனுப்பணும்னு யாராவது கேட்டா, கொஞ்சம் இரக்கமாப் பாப்பாங்க. அந்தம்மா யாருக்காவது சம்சாரமா இருந்திருந்தா நான் எழுதிப் பாத்திருப்பேன்."

"யாருக்காவதுன்னா..."

"உங்களுக்குன்னே வச்சுக்குங்களேன்" என்று சொல்லிவிட்டு, சுந்தர்சிங் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கிளாட்வின் அன்றைக்கு ஆபீஸுக்குப் போகும் வழியில் மூன்று பேருடைய வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தாளை எடுத்து, பேனாவைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே நடையில்தான் அவரால் எழுத முடிந்தது.

'பொருள்: சம்பள நிலுவை, மாற்று ஏற்பாடு தொடர்பாக.

தாங்கள் ஊழியராக இருக்கும் வரை தங்களுக்குப் பணம் அனுப்ப இயலாத நிலை உள்ளது. தாங்கள் கீழே கையொப்பமிட்டவரின் மனைவியாக இருக்கும் பட்சத்தில், அது குறித்துப் பரிசீலிக்க இடமுண்டு எனத் தெரிகிறது. கீழே கையொப்பமிட்டவருக்கு நாற்பது வயது. கெட்ட பழக்கங்கள் இல்லை. தங்களுக்கு இதில் சம்மதம் இல்லையெனில், இக்கடிதம் கிடைக்கவில்லை என்று கருதிக்கொள்ளலாம். அதனால் தங்கள் பணிக்கு எவ்விதப் பாதகமும் ஏற்படாது.'

அடியில், 'நீங்கள் அன்றைக்குச் சிரித்ததை நான் மறக்கவில்லை' என்று ஒரு வரி எழுதினார். பொருளுக்குச் சம்பந்தமில்லாத வரி என்று தோன்றவே அடித்துவிட்டார். அடித்தல் திருத்தலோடு அனுப்புவது மரியாதை இல்லை என்று வேறு தாளில் முழுவதையும் எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால், அந்த வரி தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை அடிக்கத் தைரியம் வரவில்லை. அப்படியே ஒட்டி மூஸாவின் கையில் கொடுத்தார்.

"இது என்ன தம்பி, சம்பளமா?" என்றார் மூஸா உறையைத் தூக்கிப் பார்த்து.

"இல்ல, காக்கா. சீட்டு ஒண்ணும் ஒட்டல. பத்திரமாக் கொண்டு போங்க."

தோணி போனது. கிளாட்வின் காத்திருந்தார். காற்று விழுந்துவிட்டது என்றார்கள், பாயை இறக்கிவிட்டு நடுக்கடலில் கிடக்கும் என்றார்கள். சிலுவைப் பாதைச் செபத்துக்குக் கோயிலில் முழங்கால் போட்டவர், எத்தனையாவது ஸ்தலம் என்பது தெரியாமல் எல்லோரும் எழுந்தபின்னும் முழங்காலிலேயே இருந்தார். குருத்து ஞாயிறும் வந்து போயிற்று.

ஈஸ்டருக்கு மூன்று நாள் இருக்கும்போது, பெரிய வியாழனன்று காலையில்தான் தோணி தெரிந்தது. கிளாட்வின் பாலத்துக்கு ஓடினார். அவர் ஓடியதைத் துறைமுகத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூஸா மெதுவாக இறங்கி வந்தார். சட்டையை உதறினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினார்.

"காக்கா!"

"சம்மதமாம்."

"என்னது?"

"சம்மதம்னு சொல்லச் சொன்னா. காயிதத்த ரெண்டு தரம் படிச்சா. நாற்காலில உக்காந்து சிரிச்சா. அப்புறம் கொஞ்சம் அழுதா. மேரேஜுக்குப் பிறகு தூத்துக்குடி வந்து இருக்கவும் சம்மதம்னா."

கிளாட்வின் அதை மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துக் கூலி ஆட்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். மூஸாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, முதலாளியிடம் சொல்லப் புறப்பட்டார்.

பாதி வழியில் அவர் கால்கள் தாமாகவே நின்றன.

ஒரு வருஷமாகச் சம்பளம் வாங்காதவள். தனி ஆள். ஏனென்று கேட்க நாதியில்லை. என்ன சாப்பிட்டாளோ, வாடகைக்கு எதை விற்றாளோ. அப்படிப்பட்டவளிடம் போய், 'எனக்கு மனைவியானால் பணம் வரும்' என்று எழுதிக் கேட்டால் அவள் வேறு என்ன சொல்வாள்? இதற்கா இவ்வளவு சட்டம் படித்தேன்? கிளாட்வினுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. தன் வாழ்நாளில் செய்த ஒரே அயோக்கியத்தனத்தை முறையான கடிதமாக எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறோம் என்று தோன்றியது. அதைவிட வேதனை, அந்தச் சம்மதத்தைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமே வரவில்லை என்பது.

ஆனாலும் திரும்பி நடந்தார். மூஸா பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, அடுத்த நடையில போகும்போது சொல்லிருங்க. அந்தக் கடுதாசிய மறந்துரச் சொல்லுங்க. சம்பளத்த எப்பாடு பட்டாவது நான் வாங்கிக் குடுத்துருதேன். அதுக்காக என்னைக் கட்டிக்கிட வேண்டாம்."

மூஸா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு என்ன, கிறுக்கா பிடிச்சிருக்கு? சம்மதம்னு சொன்ன பிள்ளைகிட்டப் போயி வேண்டாம்னு நான் சொல்லவா?"

"அது சம்மதமா, காக்கா? பட்டினி கிடக்கிற பொம்பளை வேற என்ன சொல்லுவா?"

"பட்டினியா? ஆரு, பிளாரன்ஸா?"

"சம்பளம் இல்லாம ஒரு வருசமா எப்படிக் காலம் தள்ளியிருப்பாங்கன்னு நெனச்சாலே..." கிளாட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூஸா அவரையே பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து, "சத்தியத்த மீறுறேன், அல்லா என்னை மன்னிக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு, கிளாட்வினின் தோளில் கை போட்டுப் பக்கத்தில் உட்கார்த்தினார்.

"தம்பி, அவ நம்ம கம்பெனி வேலைய விட்டுட்டு எதுத்த கம்பெனியில நல்ல சம்பளத்துல சேந்து எத்தனையோ மாசம் ஆச்சு, நம்ம வேலையச் சாப்பாட்டு நேரத்துல வந்து சும்மா பாத்துக் குடுத்துட்டுப் போறா, இது தெரிஞ்சா நீங்க அவளுக்காவ பேங்குக்கு நடக்கிறத நிறுத்திருவீகன்னுதான் எங்கிட்டச் சத்தியம் வாங்கி வச்சிருந்தா!"